முப்புரிக் கயிறு

தச்சுப் பட்டறைகளில் செயற்கைப் பசைகள் வந்து குடியேறுவதற்கு முன்னர், மரத்தோடு மரத்தைப் பிணைப்பதற்கு நம் தச்சர்கள் உபயோகித்து வந்த வச்சிரம் என்னும் பசையானது, தோல் துண்டுகளையும் எலும்பையும் நீரில் இட்டு நெடுநேரம் காய்ச்சி எடுத்த வஸ்து என்பதை, அந்தச் சட்டியிலிருந்து எழும் நாற்றத்தை ஒருமுறை நுகர்ந்தவர்கள் ஆயுளுக்கும் மறந்திருக்க மாட்டார்கள். கிரேக்கர் பசையைக் ‘கொல்லா’ என்றனர். பசையைப் பிறப்பிப்பது என்னும் பொருள்படவே, அதன் மூலமாகிய புரதத்துக்கு மேனாட்டு விஞ்ஞானிகள் கொலாஜன் என்று பெயர் சூட்டினர். பெயர்தான் புதிது. ஆட்டுக்கால் சாறு ஆறியபின் கிண்ணத்தில் கட்டியாக உறைந்து தளும்புவதும் இதே புரதத்தின் காரியம். எலும்பு முறிந்தவனுக்கு அந்தச் சாற்றைக் கொடுத்தால் எலும்பு கூடும் என்று பாட்டிமார் சொல்வதுண்டு. வயிற்றுக்குள் போன மாத்திரத்தில் அது துண்டு துண்டாக அறுபட்டுவிடும் என்பது உடலியல் அறிந்தோரின் கட்சி; நோயாளிக்கு ருசியான சாறாவது கிடைத்ததே என்பது என் கட்சி.

நம் சரீரத்திலுள்ள புரதங்களில் அளவால் மிகுந்தது இதுவே. மொத்தத்தில் கால் பங்குக்குக் குறையாது. தோலுக்கு உறுதியையும், தசைநாணுக்கு இழுவையைத் தாங்கும் வலிமையையும், சுண்ணாம்புச் சத்து படிந்து எலும்பாக இறுகுவதற்கு வேண்டிய சட்டத்தையும் கொடுப்பது கொலாஜன்தான். சென்னை ராஜதானியின் தோல் தொழிலாளர் அதன் பெயரை அறியாமலே அதன் குணத்தை அறிந்திருந்தனர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் நாட்கணக்காகக் கிடந்த தோல், அழுகாமலும் விறைக்காமலும் வெளிவந்ததற்குக் காரணம், அவற்றின் துவர்ப்புச் சத்து கொலாஜன் இழைகளின் இடையே புகுந்து அவற்றை ஒன்றோடொன்று பிணைத்ததே ஆகும். 1903-ஆம் ஆண்டளவில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையைச் சென்னையில் புகுத்தினார். பின்னர் எழுந்த ஒரு குரோம் தோல் ஆலையின் பெயரே, பல்லாவரத்தை அடுத்த ஊருக்குக் குரோம்பேட்டை என்று நிலைத்துவிட்டது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் ஷாப்புகள் பெருகிய காலத்தில், இந்தத் தொழிலுக்கு விஞ்ஞானத்தின் துணை வேண்டுமென்று கருதி, 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. புரதத்தின் சூட்சும ரூபத்தைச் சென்னை கண்டுகொண்ட வரலாற்றில் இந்த நிலையத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

1952-இல் சென்னைப் பல்கலைக் கழகம் பௌதிகத் துறைக்கு ஒரு தலைவரைத் தேடிற்று. துணைவேந்தராக இருந்த ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் முதலில் சர் சி. வி. ராமனையே அழைத்தார் என்றும், தாம் வர இயலாத ராமன் தம் மாணாக்கரைச் சுட்டிக்காட்டினார் என்றும் சொல்வர். அந்த மாணாக்கர், எர்ணாகுளத்தில் பிறந்து, திருச்சிராப்பள்ளி சூசையப்பர் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் ராமனிடமும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் படிகங்களை ஆராய்ந்து தேர்ந்திருந்த ஜி. என். ராமச்சந்திரன். அவருக்கு அப்போது வயது முப்பதுகூட நிரம்பவில்லை. புதிய பதவியில் எதை ஆராய்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்திருந்த ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பைப்பற்றி அதுவரை வெளிவந்த கொள்கைகளில் ஒன்றேனும் திருப்தி தருவதாக இல்லை என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். அதற்கு முந்திய ஆண்டில்தான், புரதங்களின் சுருள் அமைப்பைக் கண்டு புகழெய்திய லைனஸ் பாலிங், தம் சகா கோரியுடன் சேர்ந்து கொலாஜனுக்கும் ஓர் அமைப்பை வெளியிட்டிருந்தார்; அது தவறாயிற்று. பெரியவர்களும் வழுக்கிய அந்த இடத்தில் கால் வைக்க ராமச்சந்திரன் துணிந்தார்.

மாதிரிப் பொருள் எங்கே கிடைக்கும்? பல்கலைக் கழகத்தின் கிண்டி வளாகத்துக்குக் கூப்பிடு தூரத்திலே தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த சுத்தமான கொலாஜன் கிடைத்தது. ஆஸ்திரேலியப் பிராணியின் வாலும், அடையாற்றுத் தோல் நிலையத்தின் அலமாரியும், கிண்டியில் புதிதாக அமைத்த எக்ஸ் கதிர்க் கருவியும் ஒன்றுகூடிய இந்த விசித்திரமான சேர்க்கையிலிருந்து, கோபிநாத் கர்த்தா என்னும் ஆராய்ச்சியாளரின் துணையோடு, ராமச்சந்திரன் விடையைத் தேடத் தொடங்கினார்.

எக்ஸ் கதிரை ஓர் இழையின்மேல் செலுத்தினால், இழையின் உருவம் அப்படியே படத்தில் விழுந்துவிடாது. சில புள்ளிகளும் வில்போன்ற கறைகளுமே பதியும். அந்தக் கறைகளிலிருந்து அணுக்களின் வரிசையை ஊகித்தறிவது, தாம்பாளத்தில் எஞ்சிய மாவின் தடத்தைப் பார்த்துப் பலகாரத்தின் உருவத்தைச் சொல்வதுபோன்ற காரியம். ஆயினும் ராமச்சந்திரனுக்கு ரசாயனத்திலிருந்து ஒரு துப்புக் கிடைத்தது. புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலை. அவற்றுள் மிகச் சிறியதாகிய கிளைசினுக்குப் பக்கச் சங்கிலி என்று சொல்லத்தக்கது ஒரு ஹைட்ரஜன் அணுவே. கொலாஜனைப் பகுத்தவர்கள், எந்தப் பிராணியினுடையதாயினும் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசினாகவே இருப்பதைக் கண்டிருந்தனர். இதைத் தற்செயல் என்று தள்ளாமல், மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கு மூன்று இழைகளின் சேர்க்கையைக் குறிக்கிறது என்றும், ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் நிற்கும் அந்தச் சிறு மணிதான் இழைகள் கூடும் நடு அச்சில் ஒடுங்கி நிற்க வல்லது என்றும் அவர் அனுமானித்தார். இந்த அனுமானத்தைக் கூறும் கட்டுரை 1954 ஆகஸ்ட் மாதம் ‘நேச்சர்’ இதழில் வந்தது. இழைகள் நேராக நில்லாமல் ஒன்றையொன்று தழுவிச் சுற்றிக்கொள்கின்றன என்ற திருத்தம் மறு ஆண்டு செப்டம்பரில் வந்தது.

கயிறு திரிப்போரைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்கவே வேண்டியதில்லை. தனிப் புரியை ஒரு திசையில் முறுக்கி, முறுக்கிய புரிகளைச் சேர்த்து எதிர்த் திசையில் திரித்தால்தான் கயிறு தானே பிரிந்துகொள்ளாமல் நிற்கும். கொலாஜனிலும் ஒவ்வொரு சங்கிலியும் இடப்புறமாகச் சுருண்டிருக்க, மூன்றும் கூடி வலப்புறமாகத் திரிந்திருக்கின்றன. தென்னை நார் திரிக்கும் பாட்டி கண்ட யுக்தியை ஜீவராசிகளின் உடல் எத்தனையோ கோடி ஆண்டுகளாகக் கையாண்டு வந்திருக்கிறது.

1955 நவம்பரில், கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும், மூன்று புரிகள் என்பதை ஏற்றுக்கொண்டே, சென்னை அமைப்பில் சில அணுக்கள் நெருங்கக் கூடாத அளவுக்கு நெருங்கிவிட்டன என்றும், மூன்று மணிகளுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று ராமச்சந்திரன் சொன்னது பொருந்தாது, ஒன்றே தகும் என்றும் குறை கூறினர். கண்டனம் எழுதியவர் இரட்டைச் சுருளைக் கண்ட கிரிக். கண்டனத்துக்கு உள்ளானவரோ கிண்டியில் ஒரு புதுத் துறையைக் கட்டிக்கொண்டிருந்த இளைஞர். அந்த மனத்தாங்கலைப் பெரிதுபடுத்தி எழுதுவோர் உண்டு. எனக்கு அதைவிட, அதிலிருந்து விளைந்த காரியமே பெரிதாகப் படுகிறது. இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு? அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளையெல்லாம் ராமச்சந்திரன் புரட்டிப் பார்த்தார். கண்டனக்காரர் வகுத்த எல்லையைக் காட்டிலும் அணுக்கள் நெருங்கியிருந்த இடங்கள் பல அவற்றில் அகப்பட்டன. அந்த எல்லைகளை வகைப்படுத்தி, சசிசேகரன், ராமகிருஷ்ணன் என்னும் இருவரோடு மேசைக் கணக்குப் பொறியை உருட்டி, புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பலாகாது என்பதை ஒரு படமாக வரைந்து 1963-இல் வெளியிட்டார். உலகத்தில் இன்று எந்தப் புரதத்தின் அமைப்பு வெளியானாலும், அது மெய்யா பொய்யா என்று உரைத்துப் பார்க்கும் கல்லாக அந்த ராமச்சந்திரன் படமே இருக்கிறது. பிணைப்பின் கணக்கில் மட்டும் கேம்பிரிட்ஜ்காரர் பக்கமே நியாயம் நின்றது. எனினும், இரண்டாவது பிணைப்பு நேராக நில்லாமல் ஒரு நீர் மூலக்கூற்றைப் பாலமாகக் கொண்டு நிற்கலாம் என்று 1968-இல் ராமச்சந்திரனும் சந்திரசேகரனும் எழுதினர்.

இனி, கிண்டியை விட்டு நோயாளியின் படுக்கைக்கு வருவோம். தொட்டால் ஒடியும் எலும்போடு பிறக்கும் குழந்தைகளை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். 1788-இல் ஸ்வீடன் தேசத்து எக்மன் என்பவர், ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இந்தப் பிணி தொடர்ந்ததைத் தம் ஆராய்ச்சி நூலில் வர்ணித்தார். 1849-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து விரோலிக் அதற்கு ஒரு லத்தீன் பெயர் இட்டார், எலும்பாக்கம் நிறைவுறாமை என்பது அதன் பொருள். சிலருக்குக் கண்ணின் வெண்மை நீலம் பாய்ந்திருக்கும். சிலருக்குக் காது மந்தமாகும். சில சிசுக்களோ கருப்பையிலேயே எலும்புகள் ஒடிந்து, பிறந்த சிறிது பொழுதில் மடியும். ஒரே பிணி இத்தனை வேறுபட்ட உருவங்களில் வருவானேன் என்ற கேள்விக்கு இருநூறு ஆண்டுகள் விடை இல்லை.

மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் புரதத்தில் ஒரு மணி மாறும் என்பதும், அந்த ஒரு மணியின் மாற்றமே நோயாகும் என்பதும், அரிவாள் செல் சோகையில் வெர்னான் இன்கிராம் 1957-இல் நிரூபித்த உண்மை. எலும்புப் பிணியில் அப்படிப்பட்ட ஒற்றை எழுத்துப் பிழை கண்கூடாக அகப்பட்டது 1986-இல். பிறப்பை ஒட்டியே மடிந்த ஒரு சிசுவின் செல்களை ஆராய்ந்த கோன், பையர்ஸ் முதலியோர், கொலாஜன் சங்கிலியில் கிளைசின் இருக்க வேண்டிய 988-ஆம் இடத்தில் சிஸ்டீன் இருப்பதைக் கண்டனர். எலும்புக் கொலாஜனின் முப்புரிப் பகுதியில் சிஸ்டீன் என்னும் மணி ஓரிடத்திலும் வராது. வந்தது ஒன்று, அதுவும் நடு அச்சில். ஒரு சங்கிலியின் முப்புரிப் பகுதியில் 1014 மணிகள், அதாவது 338 மும்மணிக் கூட்டங்கள் உண்டு. அவற்றில் எந்தக் கிளைசினும் மாற்றத்துக்கு இடமாகலாம். மரபணு மொழியில் கிளைசினைக் குறிக்கும் சொற்கள் நான்கும் ஒரே இரண்டு எழுத்துகளில் தொடங்குவதால், அவற்றில் ஒன்று பிசகினாலும் ஆலனினோ செரினோ அர்ஜினினோ வாலினோ அந்த இடத்தில் வந்து குந்திக்கொள்ளும். அவை எல்லாம் கிளைசினைவிடப் பருத்தவை. ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு மட்டுமே இடமுள்ள இடுக்கில் பருத்த ஆள் நுழைந்தால் என்னவாகுமோ, அதுவே ஆகும். புரிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கி வரிசையாகத் திரிந்துகொண்டே வருபவை ஆதலால், பிழையின் இடத்தில் திரிதல் தயங்குகிறது. பெரும்பாலும், தொடங்கும் முனைக்கு அருகில் உள்ள பிழை கொடியதாகவும், தொலைவில் உள்ளது சற்று இலேசானதாகவும் காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

இதில் ஒரு விபரீதமான கணக்கும் இருக்கிறது. எலும்புக் கொலாஜனின் மூன்று புரிகளில் இரண்டு ஒரே வகை. மூன்றாவது வேறு வகை. ஒவ்வொருவருக்கும் தாய் வழி ஒன்றும் தந்தை வழி ஒன்றுமாக மரபணுக்கள் இரண்டு. முதல் வகைப் புரிக்கான மரபணுக்கள் இரண்டில் ஒன்று கெட்டு, கெட்ட புரியும் நல்ல புரியும் சரிபாதியாக உற்பத்தியாகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டு புரிகளும் நல்லவையாக அமையும் கயிறு நான்கில் ஒன்றே. மற்ற மூன்றிலும் கெட்ட புரி ஒன்றாவது கலந்துவிடும். கெட்ட புரி தான் சேர்ந்த நல்ல புரிகளையும் அழிவுக்கு இழுத்துச் செல்வதைக் கண்டு, டார்வின் பிராக்காப் அதற்குப் புரதத்தின் தற்கொலை என்றே பெயரிட்டார். அந்த மரபணு அடியோடு ஊமையாகி, புரியே உண்டாக்காமல் போனால் என்ன ஆகும்? கயிறு பாதி அளவே கிடைக்கும். ஆனால் கிடைத்த கயிறு அவ்வளவும் நல்ல கயிறு. அந்த மனிதன் அவ்வப்போது எலும்பு ஒடிந்தாலும் பெரும்பாலும் நடமாடி முதுமை எய்துவான். பேசாதிருந்த மரபணு குடும்பத்தைப் பிழைக்க வைக்க, தவறாகப் பேசிய மரபணு தொட்டிலிலேயே பிள்ளையைப் பறிகொடுக்க வைக்கும் இந்த முரண், முப்புரி என்னும் அமைப்பை அறியாதவர்களுக்கு ஒருபோதும் விளங்கியிருக்காது.

ராமச்சந்திரன் 1970-ஐ ஒட்டிப் பெங்களூருக்குப் பெயர்ந்தார். கடைசி நாட்களைச் சென்னையிலேயே கழித்து 2001 ஏப்ரலில் காலமானார். நோபெல் பரிசு கிடைக்கவில்லை என்பதை நண்பர்கள் குறையாகச் சொல்வார்கள். அது பரிசு கொடுப்போரின் கணக்கு. அவர் உயிரோடிருந்த காலத்திலேயே, 1994-இல், அமெரிக்காவில் பெல்லா, ஈட்டன், பிராட்ஸ்கி, பெர்மன் என்னும் நால்வர், கொலாஜன் போன்ற சிறு புரி ஒன்றைச் செயற்கையாக அமைத்துப் படிகமாக்கி, 1.9 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் அணு அணுவாக அதன் ரூபத்தைக் கண்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது குற்றமற்ற கயிறு அன்று. 30 மணிகள் கொண்ட ஒவ்வொரு சங்கிலியின் நடுவிலும், கிளைசின் நிற்க வேண்டிய ஓரிடத்தில் வேண்டுமென்றே ஆலனினை வைத்திருந்தனர். மூன்று புரிகளும், எதிர்த் திசை முறுக்கும், சென்னைக் கட்டுரை சொன்னபடியே இருந்தன. புரிகளுக்கிடையே நேரான பிணைப்பு மும்மணிக்கு ஒன்றே இருந்தது. பிழை நேர்ந்த அந்த இடத்தில் மட்டும் கயிற்றின் முறுக்குச் சிறிது தளர்ந்து, கிளைசின் பிடித்துக்கொண்டிருந்த பிணைப்புகள் விட்டுப்போய், அறுந்த கைகளைக் கோக்க வந்தவைபோல் நீர் மூலக்கூறுகள் அந்த இடைவெளிக்குள் வந்து நின்றிருந்தன.