கிரகணக் கணிதமும் மூளைப் படமும்

வட்டுக்கோட்டையிலே 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய செமினரியைப் பற்றி நேயர்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். 1855இல் அது மூடப்பட்டது. அங்குப் பயின்ற கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர் என்பதை யாழ்ப்பாணத்தார் மறப்பதில்லை. ஆனால் அதே செமினரியின் வரலாற்றில், விஞ்ஞானம் கற்போர் இன்றும் எண்ணிப்பார்க்கத்தக்க நிகழ்ச்சி வேறொன்றுண்டு.

1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு சந்திரகிரகணம் வந்தது. அயலூராகிய அராலியில் வாழ்ந்த விசுவநாத சாத்திரியார், வழிவழி வந்த வாக்கியங்களைக் கொண்டு அதனைக் கணித்துப் பஞ்சாங்கத்திலே வெளியிட்டிருந்தார். செமினரியின் தலைவரான தானியேல் பூவர் பாதிரியார் ஐரோப்பிய அட்டவணைகளைக் கொண்டு கணித்தார். தொடங்கும் நேரத்திலும், நீடிக்கும் காலத்திலும், மறைவின் அளவிலும் இரு கணக்குகளும் வேறுபட்டன. கிரகணத்துக்கு முன்பே அவ்வேறுபாடு ஊரறியச் சொல்லப்பட்டது. அன்றிரவு வானம் செமினரியின் கணக்கையே மெய்ப்பித்தது.

இவ்வெற்றியைப் பாதிரிமார் சமய வாதத்துக்கும் பயன்படுத்திக்கொண்டனர். அது பொருந்தாது என்பது என் கருத்து. இருவருமே கணிதர், பாம்பு விழுங்குகிறதென்று சாத்திரியார் கணக்குப் போடவில்லை. எந்த அட்டவணை திருத்தமானது என்பதை மாத்திரமே அந்த இரவு காட்டியது. அதற்கு மேல் அதனிடம் எதையும் கேட்க முடியாது. சாத்திரியாருக்குரிய பெருமை ஒன்றும் இங்கே உண்டு. அவர் தம் கணக்கை முன்கூட்டியே வெளியிட்டார். ஆதலினாலேதான் அதன் பிழையை அளக்க முடிந்தது.

இனி வானத்தை விட்டு மூளைக்கு வருவோம். 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், வட்டுக்கோட்டையிலே தொடங்கி மானிப்பாயில் நிலைத்து, உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். அந்நாளில் மூளையைக் காண்பதற்குப் பிணத்தை அறுக்கவேண்டும். 1990இல் செய்ஜி ஒகாவா என்னும் யப்பானிய அறிஞர், குருதியில் உள்ள பிராணவாயுவின் மாறுதலைக் காந்தப் படக்கருவியாற் கண்டறியலாம் எனக் காட்டினார். அதன்பின், உயிருள்ள மனிதன் எண்ணும்போதே அவன் மூளையின் தொழிலைப் படமாக்கும் ஆராய்ச்சி பெருகிற்று. அச்சமுள்ளவன் மூளையில் இவ்விடம் ஒளிர்கிறது, இரக்கமுள்ளவன் மூளையில் அவ்விடம் ஒளிர்கிறது என்று பத்திரிகைகள் எழுதின.

இங்கேதான் கணக்கு வழுக்கியது. சங்கானைச் சந்தையில் நூறு புகையிலைக் கட்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே நிறையுடையவை. ஆனால் தராசு ஆடுகிறது. ஒவ்வொன்றையும் ஒருமுறை நிறுத்து, மிகுந்த நிறை காட்டிய ஐந்தை மாத்திரம் எடுத்து, அதே நிறுவையின் சராசரியைச் சொல்லி, "இவை பாரமான கட்டுகள்" என்று விற்றால் எப்படியிருக்கும்? வாங்கியவர் வீட்டிலே மறுபடி நிறுத்தால் மேலதிக நிறை மறைந்துவிடும். தெரிவு செய்ததும் அந்த நிறுவையாலே, அளவு சொன்னதும் அந்த நிறுவையாலே என்பதே குற்றம்.

மூளைப் படத்திலே கட்டுகள் நூறல்ல. ஒரு லட்சம் நுண்கூறுகள் இருக்கலாம். தற்செயலாக ஆயிரத்துக்கு ஒன்று தேறும் என்னும் விதியை வைத்தாலும், ஒன்றுமே நிகழாத மூளையில் நூறு கூறுகள் ஒளிரும். 2009இல் கிரெயிக் பெனெற் முதலியோர் இறந்துபோன சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, அதற்கு மனிதரின் படங்களைக் காட்டி, அவர்களுடைய உணர்ச்சி யாதென வினவினர்! பல சோதனைகளுக்குரிய திருத்தத்தைச் செய்யாதபோது, மீனின் மூளையிலும் சில கூறுகள் ஒளிர்ந்தன, திருத்தியதும் மறைந்தன. இதனை வெறும் நகைச்சுவை எனக் கொள்ளற்க.

அதே ஆண்டில் எட்வேட் வுல் என்பவரும் நண்பர்களும் இன்னுமொரு கணக்கைக் காட்டினர். மூளைத் தொழிலுக்கும் குணத்துக்கும் இடையே 0.8க்கு மேற்பட்ட இணைவு கண்டதாகப் பல கட்டுரைகள் கூறின. குணத்தை அளக்கும் வினாத்தாளின் நம்பகம் சுமார் 0.8, படத்தின் நம்பகம் சுமார் 0.7. இவ்விரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 0.75 வரும். உண்மை இணைவு முழுமையானதாயினும், காணப்படும் இணைவு சராசரியில் அதனை மிஞ்ச இயலாதே! ஆராய்ந்தவர்களை வினவியபோது, பாதிக்கு மேற்பட்டோர் நாம் சொன்ன தராசு முறையையே கையாண்டிருந்தனர்.

ஆட்தொகை சிறிதாயின் மயக்கம் இன்னும் மிகும். 25 பேரைச் சோதித்து, ஆயிரத்துக்கு ஒன்று என்னும் விதியை வைத்தால், 0.62க்குக் குறைந்த எந்த இணைவும் தேறாது. உண்மை 0.1 ஆயினும் அச்சில் வருவது 0.62க்கு மேலேதான். சிறியதைச் சல்லடை தள்ளிவிட, பெரியது மாத்திரம் நூலகத்திலே சேர்கிறது. 2022இல் ஸ்கொட் மாரெக் முதலியோர் ஏறத்தாழ 50,000 பேரின் படங்களை ஆராய்ந்தபோது, மூளைக்கும் நடத்தைக்கும் இடையேயுள்ள இணைவின் நடுப்பெறுமதி 0.01 அளவினதே எனக் கண்டனர். மறுசோதனையிலும் நிலைத்த மிகப்பெரியது 0.16.

இது அறிஞர் கூடத்துச் சச்சரவு மாத்திரமன்று. பிள்ளையின் மந்தத்துக்கோ துடுக்குக்கோ மூளைப் படமே சான்று என்று ஒருவர் சொன்னால், பெற்றோர் அதை நம்பி அப்பிள்ளையின் படிப்பையே தீர்மானித்துவிடக்கூடும். 0.16 என்னும் இணைவு, ஆளுக்கு ஆள் உள்ள வேற்றுமையில் நூற்றுக்கு மூன்று பங்கைக்கூட விளக்காது. அதைக்கொண்டு ஒரு பிள்ளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா?

பரிகாரமும் பிறந்துள்ளது. 2013இல் 'கோர்டெக்ஸ்' என்னும் சஞ்சிகை, சோதனை நடத்துமுன்பே அதன் திட்டத்தைப் பெற்று மதிப்பிட்டு, முடிவு எதுவாயினும் வெளியிடும் முறையைத் தொடங்கியது. வேறு பல சஞ்சிகைகளும் அதனைப் பின்பற்றின.

மூளைப் படம் யாவும் பொய்யென்று எவரும் எண்ணிவிடலாகாது. ஒருவர் விரலை அசைக்கும்போதும் ஓய்ந்திருக்கும்போதும் அவருடைய மூளையையே ஒப்பிட்டால், வேற்றுமை பெரிதாகவும் தெளிவாகவும் தோன்றும். அதற்குச் சிலபேரே போதும். ஆளுக்கு ஆள் ஒப்பிட்டுக் குணத்தைத் தேடும்போதுதான் ஆயிரக்கணக்கானோர் வேண்டும்.