வணிகப் பள்ளிக்குள் இருந்த சமூகவியல்

உயர்தரத்தில கலைப்பிரிவு எண்டு எழுதிக் குடுத்தாச் சரி, அதுக்குப் பிறகு முகாமைத்துவம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ட படிப்பாகிவிடும். கம்பஸிலயும் அதே கதைதான். இரண்டையும் சேர்த்துப் படிக்க ஆசை எண்டு சொன்னால், ஏதோ புது மோகம் மாதிரிப் பார்ப்பார்கள். ஆனால் பல்கலைக்கழகத்துக்குள் வணிகப் படிப்பு நுழைந்த கதையைப் பார்த்தால், பிரிவினைதான் பின்னால் வந்தது.

1881 இல், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஜோசப் வார்ட்டன் என்ற தொழிலதிபர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு இலட்சம் டொலர் கொடுத்து ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கவைத்தார். நிக்கலிலும் இரும்பிலும் உழைத்த காசு. அந்தக் காலத்தில் வணிகம் பழகுவதென்றால் ஒரு நிறுவனத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து பேரேடு எழுதிப் பழகுவதுதான். அவரும் அப்படிப் பழகியவர்தான். ஆனால் அது போதாது என்று நினைத்தார். கணக்குப்பதிவோடு வரி, பணம், அரசாங்கம், வேலைநிறுத்தம் எல்லாம் படிப்பிக்க வேண்டும் என்றார். உடனே பெரிய மனசுக்காரர் என்று புகழவும் தேவையில்லை. இறக்குமதி வரியால் உள்நாட்டுத் தொழிலைக் காப்பது சரி என்று அங்கே படிப்பிக்க வேண்டும் என்பதும் அவருடைய விருப்பம். அந்த வரியால் இலாபமடைந்தவர்களில் அவரும் ஒருவர்!

எப்படியோ, பொருளியலும் அரசறிவியலும் சமூகவியலும் வணிகப் பள்ளியின் கூரைக்குக் கீழேயே வளர்ந்தன. 1896 இல் அந்தச் சமூகவியல் பக்கத்துக்கு ஒருவர் வேலைக்கு வந்தார்: டபிள்யூ. ஈ. பி. டு பொய்ஸ். ஹாவர்டில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அவருக்குக் கிடைத்த பதவியோ வெறும் உதவியாளர். நகரின் ஏழாம் வட்டாரத்துக்குள்ளேயே மனைவியோடு குடியிருந்து, சுமார் 2,500 வீடுகளுக்கு நேரில் போய்க் கேள்வி கேட்டார். யாருக்கு என்ன வேலை, எவ்வளவு கூலி, எவ்வளவு வாடகை, எந்த வேலைக்கு ஏன் எடுக்கவில்லை என்று 9,675 கறுப்பின மக்களின் வாழ்க்கையை எழுதினார். 1899 இல் அது புத்தகமாக வந்தது. கறுப்பர்களின் வறுமைக்கு அவர்களுடைய குணம்தான் காரணம் என்ற பேச்சுக்கு, வேலை மறுக்கப்பட்ட கணக்கைக் காட்டிப் பதில் சொன்ன புத்தகம். வணிகப் பள்ளியின் பெயரோடு இப்படியொரு ஆய்வு வந்தது இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியம்தான்.

இந்தச் சேர்க்கை சும்மா இனிக்கவில்லை. அங்கே பொருளியல் படிப்பித்த ஸ்கொட் நியரிங், சிறுவர்களை வேலைக்கு வைப்பதை எதிர்த்துப் பேசிவந்தார். 1915 இல் நிர்வாகம் அவரை வெளியே அனுப்பியது. சமூக விஞ்ஞானத்தைப் பக்கத்தில் வைத்திருந்தால் அது முதலாளியையும் கேள்வி கேட்கும்தானே.

1974 இல் அந்தப் பல்கலைக்கழகம் புதிதாக ஒரு கலை, விஞ்ஞான பீடத்தை அமைத்தது. பொருளியல், அரசறிவியல், சமூகவியல் துறைகள் வார்ட்டனை விட்டு அங்கே போயின. மூன்றே வருடத்தில், 1977 இல், முகாமைத்துவத்தையும் பொறியியலையும் சேர்த்து இரண்டு பட்டம் தரும் திட்டம் வந்தது. 1983 இல் வணிக நிர்வாக முதுமாணியோடு சர்வதேசக் கற்கையைச் சேர்த்தார்கள். ஒரு பக்கம் பிரித்தார்கள், மறுபக்கம் ஒட்டினார்கள்.

பொறியியலில எனக்குப் பகையில்லை. வேலைச் சந்தையில் அந்தச் சோடிக்கு மதிப்பு கூட எண்டும் தெரியும். ஆனால் “வணிகத்தோட வேறொன்று” என்று சொல்லும்போது அந்த வேறொன்று எது என்பதில்தான் எல்லாம் இருக்கு. இயந்திரத்தைச் செய்யவும் விற்கவும் சேர்ந்து படிப்பது ஒன்று. அந்த இயந்திரத்தில் வேலை செய்பவரின் வாடகைக் கணக்கையும் சேர்த்துப் படிப்பது இன்னொன்று.

டு பொய்ஸ் 1963 இல் இறந்துபோனார். 2012 இல் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ ஓய்வுநிலைப் பேராசிரியர் பதவி கொடுத்தது. கொடுத்தது சமூகவியலுக்கும் ஆபிரிக்கக் கற்கைக்கும். இரண்டும் இப்போது கலைப்பக்கம்.