பஞ்சு, ரப்பர், சிலிகான், நூல்: செயற்கை மார்பகத்தின் வரலாற்றில் அணிபவர்களின் பங்கு

தெற்கு தில்லியின் லக்ஷ்மிபாய் நகர் மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பு. ஒரு பக்கம் சரோஜினி நகர் துணிச்சந்தை, இன்னொரு பக்கம் முருங்கைக்காயும் சேனையும் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இங்கேயே இருக்கிறது. செயலக வேலைக்காக வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த வட்டாரம் இது. ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தில் ஏறினால் அடுத்த நிறுத்தம் எய்ம்ஸ். அதற்கு எதிரே சப்தர்ஜங் மருத்துவமனை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண் அங்கிருந்து குவார்ட்டர்ஸுக்குத் திரும்ப அதிக நேரம் ஆகாது. திரும்பிய பிறகு ஜாக்கெட்டுக்குள் எதை வைத்துக்கொண்டு அலுவலகம் போவது, எது உறுத்தாது, எது நழுவாது என்ற கேள்விகளுக்கு டிஸ்சார்ஜ் தாளில் விடை தேடிப் பயனில்லை.

அந்த விடை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக எப்படி உருவாகி வந்தது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. செயற்கை மார்பகம் உடம்போடு ஒத்துப்போகும் பொருளாக மாறிய கட்டங்களைப் பார்த்தால், அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் அதை அணிய நேர்ந்த பெண்கள்தான் என்பது தெரியும். அறுவை மருத்துவம் தன் வேலை காயம் ஆறியதோடு முடிந்தது என்று கருதியது. அரசு இந்த இழப்பை இன்றுவரை ஓர் உறுப்பிழப்பாக எண்ணவில்லை.

அறுவையிலிருந்தே தொடங்க வேண்டும். வெட்டின் வடிவம்தான் பொருளின் வடிவத்தைத் தீர்மானித்தது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894-இல் தம் முறையை விரிவாக வெளியிட்டார். மார்பகம், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகள், அக்குள் நிணநீர்க் கணுக்கள் அனைத்தையும் ஒருசேர அகற்றுவது அது. புற்று திரும்ப வராமல் தடுக்க வேண்டும் என்ற ஒரே நோக்கில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அந்த முறையே கோலோச்சியது. தசையும் போய்விட்டதால் காறை எலும்புக்குக் கீழே பள்ளம் விழும். விலா எலும்புகள் தோலுக்கு அடியிலேயே தட்டுப்படும். தோள் விறைத்து, கை வீங்கும். அப்படிப்பட்ட மார்புச் சுவரின் மேல் வட்டமான பஞ்சு உருண்டை ஒன்றை வைத்தால் அது எதன்மேல் நிற்கும்?

அமெரிக்காவில் 1874-இலேயே ஃபிரெடரிக் காக்ஸ் என்பவர் மார்புப் பட்டைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பருத்தி உறைக்குள் காற்றடைத்த ரப்பர். இத்தகைய பட்டைகள் பெரும்பாலும் மார்பை எடுப்பாகக் காட்ட விரும்பியவர்களை எண்ணிச் செய்யப்பட்டவை. அறுவை செய்துகொண்டவர்கள் கிடைத்ததை எடுத்துப் பயன்படுத்தினார்கள். காற்றடைத்த பொருளுக்குக் கனம் கிடையாது, அதனால் அது மேலே ஏறிக் கழுத்தருகே வந்துவிடும். உலகெங்கும் கடையில் வாங்க வழியில்லாத பெண்கள் துணிப்பையில் பஞ்சு, பழந்துணி, தானியம் என்று கைக்கு எட்டியதை அடைத்துத் தைத்துக்கொண்டார்கள். தானியம் அடைத்த பைக்குக் கனம் உண்டு, அதனால் இடத்தில் நிற்கும். ஆனால் வியர்வையில் ஊறும், துவைக்க முடியாது. பின்னாளில் பொறியாளர்கள் பேசிய கனம், காற்றோட்டம், துவைப்பு ஆகிய மூன்று சிக்கல்களும் அந்தக் கைத்தையல் பைக்குள்ளேயே இருந்தன.

இதைப் பொதுவில் பேசவைத்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த டெரீஸ் லாசர். 1952-இல் அறுவை செய்துகொண்ட அவர், எந்தக் கையை எப்படி அசைப்பது, என்ன உடுத்துவது என்று சொல்ல ஒருவரும் இல்லாததைக் கண்டு தாமே மற்ற நோயாளிகளின் படுக்கையருகே போகத் தொடங்கினார். கையில் ஒரு பை இருக்கும். தோள் பயிற்சிக்கு ரப்பர் பந்தும் கயிறும், வீட்டுக்குப் போகும்போது அணிய இலேசான தற்காலிகப் பட்டை ஒன்றும் அதற்குள் இருக்கும். மருத்துவர்கள் பலர் இதை அத்துமீறலாகக் கண்டார்கள். ஆனாலும் ‘ரீச் டு ரிக்கவரி’ என்ற அவருடைய முயற்சியை 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது. அறுவை முடிந்த பெண்ணை அதே அறுவையைக் கடந்த பெண் சந்திப்பது என்ற முறை அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது.

பொருளையே மாற்றியவர் ரூத் ஹேண்ட்லர். பார்பி பொம்மையை 1959-இல் அறிமுகப்படுத்திய மேட்டல் நிறுவனத்தின் இணை நிறுவனர். 1970-இல் இடது மார்பகத்தை இழந்த பின் கடைகளில் கிடைத்தவற்றை அணிந்து பார்த்து மனம் வெறுத்துப்போனார். வடிவமைப்பாளர் பெய்டன் மாஸியுடன் சேர்ந்து ‘நியர்லி மீ’ என்ற பெயரில் செயற்கை மார்பகங்களைச் செய்து 1970-களின் நடுவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இடதுக்குத் தனி, வலதுக்குத் தனி என்று அவர் வற்புறுத்தியது இன்று சாதாரணமாகத் தோன்றலாம். அதுவரை ஒரே உருவத்தை எந்தப் பக்கத்துக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். மார்பகம் அக்குளை நோக்கிச் சரிந்து செல்லும் உறுப்பு. இரு பக்கத்துக்கும் ஒரே வார்ப்பு பொருந்தாது. தம்மைப்போல அறுவை செய்துகொண்ட பெண்களையே விற்பனைக்கும் அளவு பார்க்கவும் அமர்த்தினார். 1974 செப்டம்பரில் தம் அறுவையை வெளிப்படையாக அறிவித்த அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டும் அவரிடம் அணிந்துகொண்டவர்களில் ஒருவர்.

அதே காலத்தில், 1975-இல், ஜெர்மனியின் பவேரியாவில் அமோயெனா நிறுவனம் தொடங்கி சிலிகான் வடிவங்களைச் செய்தது. மெல்லிய படலத்துக்குள் அடைத்த சிலிகான் ஜெல் உடம்பின் வெப்பத்தை ஏற்கும், நடக்கும்போது அசையும், தொட்டால் சதைபோல் குழையும். இன்றுவரை உலகச் சந்தையின் அச்சு இந்த ஜெல் வடிவம்தான். இதற்கிடையே வெட்டும் சுருங்கியது. தசையை விட்டுவைக்கும் முறையை லண்டனில் டேவிட் பேட்டி 1948-இலேயே முன்வைத்திருந்தார். பெர்னார்ட் ஃபிஷர் அமெரிக்காவிலும் உம்பெர்ட்டோ வெரோனேசி மிலானிலும் நடத்திய ஒப்பீட்டு ஆய்வுகள், ஹால்ஸ்டெட் முறையால் கூடுதல் ஆயுள் கிடைப்பதில்லை என்று 1980-களுக்குள் நிறுவின. பள்ளத்தை நிரப்பும் பாரமான வடிவங்களின் தேவை குறைந்து, இலேசான சிலிகான் வடிவங்களுக்கு இடம் வந்தது.

மறுப்புக் குரலையும் இந்த வரலாறு பதிவு செய்தாக வேண்டும். கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டுக்கு 1978-இல் அறுவை நடந்தது. ஆறுதல் சொல்ல வந்த தன்னார்வலர் கொடுத்த கம்பளிப் பஞ்சுப் பட்டை வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. அது அவருடைய தோலுக்குச் சற்றும் பொருந்தவில்லை. எதையும் வைத்துக்கொள்ளாமல் மருத்துவரின் அறைக்குப் போனபோது, அங்கிருந்த செவிலி அதை ஏற்கவில்லை. 1980-இல் வெளிவந்த அவருடைய புற்றுநோய்க் குறிப்புகளின் மையக் கேள்வி, இந்தப் பொருளை யாருடைய நிம்மதிக்காக அணியச் சொல்கிறார்கள் என்பது. அணிவது போலவே அணியாமலிருப்பதும் ஒரு தேர்வு. இந்த விஷயத்தில் லார்டு சொன்னதைத் தாண்டி எவரும் அதிகம் சொல்லிவிடவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்தியாவின் பாதை வேறு. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941-இல் வந்தது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதைக் கட்டி வளர்த்தார்கள். அங்கு வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு நோய் முற்றியிருந்தது. முற்றிய கட்டிக்கு முதலில் கதிர்வீச்சும் மருந்தும், பிறகு அறுவை என்ற கூட்டு முறையை அடையாறு முன்னெடுத்தது. உயிர் காப்பதே பெரும்பாடாக இருந்த அக்காலத்தில் செயற்கை மார்பகம் பேச்சில் வராதது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் கதிர் பட்ட தோல் மெலிந்து, கறுத்து, எளிதில் புண்ணாகும். மேலை நாட்டுக் கடைகளில் சொல்லித்தரும் பொருத்தும் முறைகள், கதிர் பட்ட மார்போடு தமிழ்நாட்டுக் கோடையில் வாழும் பெண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 1980-களின் தொடக்கத்தில் பணியைத் தொடங்கியபோது சென்னையில் பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்று. இன்று நாட்டளவில் மார்பகப் புற்றே முதலிடம். 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்நோய் வந்ததாக பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு சொல்கிறது. தாமதமாக வருவதாலும், மார்பைக் காக்கும் அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் கதிர்வீச்சுக்கு அலைய முடியாததாலும், முழு மார்பகத்தையும் எடுப்பது இங்கே இன்னும் பரவலாக நடக்கிறது.

தில்லியில் நோயாளிகளுக்குத் துணை நின்ற அமைப்பு ஒன்றும் நோயைக் கடந்த ஒருவரிடமிருந்தே பிறந்தது. நிணநீர்ப் புற்றிலிருந்து மீண்ட ஹர்மாலா குப்தா 1991-இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் தில்லிக் கிளையில் ‘கேன்சர் சஹ்யோக்’ குழுவைத் தொடங்கினார். அதன் தன்னார்வலர்கள் புற்றுநோயை அனுபவித்தவர்கள். தில்லி மருத்துவமனைகளில் நோயாளிகளைச் சந்தித்துப் பேசினார்கள். லாசரின் வழி நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இந்த நகரத்தை எட்டியது.

இனி, உடைக்கு வருகிறேன். இந்தத் துறையின் கையேடுகள் பிராவோடு நின்றுவிடுகின்றன. நம் பெண்களின் சிக்கல் அதற்கு மேலே போடும் ஜாக்கெட்டில் இருக்கிறது. டி-ஷர்ட் துணி இழுத்துக் கொடுக்கும். ஜாக்கெட் துணி கொடுக்காது. டெய்லர் பிடிக்கும் டாட் ஒவ்வொன்றும் மார்பின் உச்சி எங்கே இருக்கிறது என்ற கணக்கில் பிடிப்பது. செயற்கை மார்பகம் அரை அங்குலம் கீழே இறங்கினாலும் டாட்டின் முனை காலியாகச் சுருங்கி நிற்கும். முந்தானை இடது தோளில் ஏறுவதால் இடப்பக்கம் விலாவரை திறந்திருக்கும். இடது மார்பகத்தை இழந்தவருக்குப் பக்கவாட்டு வடிவம் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. எனவே அளவு பார்க்கப் போகும்போது நன்றாகப் பொருந்திய பழைய ஜாக்கெட்டை எடுத்துச் சென்று, அதைப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். புதிதாகத் தைப்பதானால் செயற்கை மார்பகத்தை அணிந்த நிலையிலேயே அளவு கொடுக்க வேண்டும்.

ஊக்கு இன்னொரு ஆபத்து. சிலிகான் படலத்தில் ஊசி குத்தினால் ஜெல் கசியும், பொருள் பாழ். நம் வீடுகளில் முந்தானைக்கு ஊக்கு, மடிப்புக்கு ஊக்கு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தாலிக்கொடியிலேயே இரண்டு ஊக்கு. கொடியில் தொங்கும் ஊக்கு சரியாகச் செயற்கை மார்பகத்தின் மேல்தான் வந்து விழும். அதைக் கழற்றி வைக்கச் சொல்லிக் கொடுக்க ஒரு தமிழ்ப் பெண்ணால்தான் முடியும்.

காலமும் கனமும் பற்றிச் சொல்ல வேண்டும். காயம் ஆறும் முதல் ஆறு, எட்டு வாரங்களுக்குச் சிலிகான் கூடாது. பஞ்சு அடைத்த மெல்லிய பட்டை போதும். கதிர்வீச்சு நடந்தால் தோல் தேறும்வரை இன்னும் காத்திருக்க வேண்டும். பெரிய மார்பகம் உள்ளவருக்கு ஒரு பக்கம் காலியானால் பிராவும் ஜாக்கெட்டும் ஒருபுறம் இழுத்துக்கொண்டு போகும். அவருக்கு ஓரளவு கனம் உதவும். மற்றவர்களுக்கு இலேசான வகையே நல்லது. அக்குள் கணுக்களை எடுத்த பக்கம் கை வீங்கும் வாய்ப்பு உண்டு; பாரமான வடிவமும் மெல்லிய பட்டியும் சேர்ந்தால் தோளில் பள்ளம் பதிந்து வீக்கத்தைக் கூட்டும். பட்டி அகலமாக இருக்கட்டும், கம்பி வைத்த பிரா வேண்டாம், உள்ளே பை தைத்த பிராவானால் நழுவாது. வாங்கும் இடத்தில் நிமிர்ந்து நின்று கண்ணாடி பார்த்தால் போதாது. கைகளைத் தலைக்குமேல் தூக்கிப் பார்க்க வேண்டும். கோலம் போடக் குனிவதுபோல் முழுக்கக் குனிந்து, அது மார்பை விட்டு விலகித் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

தில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 டிகிரியைத் தொடும். சிலிகானுக்கு அடியில் வியர்வை வெளியேற வழியில்லை. விண்வெளி ஆய்வுக்காக உருவான வெப்பச் சீராக்கப் பொருளைப் பின்புறத்தில் பூசிய வகைகள் வந்திருக்கின்றன. அவற்றின் விலை எல்லோருக்கும் எட்டாது. நல்ல இறக்குமதிச் சிலிகானுக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும், சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். இந்த இடத்தில்தான் நூல் நுழைகிறது. கனடாவின் பெரில் ஸாங், தம் அறுவைக்குப் பின் பின்னிக்கொண்ட மார்பகத்தின் பின்னல் முறையை 2005-இல் எல்லோருக்குமாக வெளியிட்டார். அமெரிக்காவில் பார்பரா டெமோரெஸ்ட் 2011-இல் அதை இலவசமாகப் பின்னித் தரும் இயக்கமாக்கினார். மும்பையின் சாயிஷா இந்தியா ஃபவுண்டேஷன் பருத்தி நூலில் குரோஷே போட்டு இந்தியப் பெண்களுக்கு இலவசமாகத் தருகிறது. உள்ளே இருக்கும் பஞ்சை எடுத்தோ சேர்த்தோ அணிபவரே அளவை மாற்றலாம், வீட்டில் துவைத்து நிழலில் உலர்த்தலாம், ஊக்கு குத்தினாலும் ஒன்றும் ஆகாது. கனம் போதாததால் சிலருக்கு மேலேறும். அதற்குப் பின்பக்கம் சிறு எடை வைத்துக்கொள்பவர்களும் உண்டு. வட இந்திய வெயிலுக்கும் தமிழ்நாட்டுப் புழுக்கத்துக்கும் அன்றாடம் அணிய இதுவே ஏற்றது, சிலிகானை வெளியே போகும் நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு.

அரசின் பங்குக்கு வந்தால் பட்டியல் சிறியது. 1968-இல் ஜெய்ப்பூர் கால் உருவானது. 1972-இல் கான்பூரில் செயற்கை உறுப்புகளுக்கென்றே அரசு நிறுவனம் தொடங்கியது. 1981-இல் உதவிக் கருவிகள் வழங்கும் மத்தியத் திட்டம் வந்தது. காலை இழந்தவருக்குக் கால் தர வேண்டியது நாட்டின் கடமை என்பதை இவை நிலைநாட்டின. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. மார்பக இழப்பு அவற்றில் இல்லை. அமெரிக்காவிலோ மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீடு செயற்கை மார்பகத்துக்கும் தர வேண்டும் என்று 1998-இலேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே அறுவைக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்குப் பிந்தைய பொருளை அலங்காரமாக எண்ணும் மனப்பான்மை இன்னும் போகவில்லை.

1954-இல் மத்திய அரசு ஊழியர்களுக்கான சுகாதாரத் திட்டம் முதன்முதலில் தொடங்கிய நகரம் தில்லி. அந்தத் திட்டத்தின் பயனாளிகள் அடர்ந்து வாழும் இடங்களில் லக்ஷ்மிபாய் நகரும் ஒன்று. பெரிய செலவுக்கு இங்கே வேலையில்லை. அறுவை முடிந்து வீடு திரும்பும் பெண்ணின் கையில் ஒரு பருத்திப் பட்டையைக் கொடுத்தனுப்பலாம். வாரம் ஒரு நாள், அதே அறுவையைக் கடந்து வந்த ஒருவரை மருத்துவமனை வார்டிலும் டிஸ்பென்சரியிலும் உட்காரவைத்து அளவு பார்க்கச் சொல்லலாம். இந்தியோடு தமிழும் மலையாளமும் வங்காளமும் பேசுபவர்கள் மாறி மாறி வந்தால் இன்னும் நல்லது.