பெயர் முந்தியது, பொருள் பிந்தியது

மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிர்களே பெரிதும் காரணம். 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தும் இந்த இனத்திலிருந்தே கிடைத்தது. பிறகு மண்ணைச் சலித்துச் சலித்துத் தேடியவர்களுக்கு, நாளடைவில் பழைய மருந்துகளே திரும்பத் திரும்ப அகப்பட்டன.

புதுவழி ஜீன்களில் இருந்தது. ஒரு பொருளைத் தயாரிக்கும் ஜீன்கள் இவ்வுயிர்களில் பெரும்பாலும் அடுத்தடுத்துத் தொகுதியாக அமைந்திருக்கும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலரின் டி.என்.ஏ. வரிசை முழுமையாக வெளிவருமுன்பே, 2000-இல், சாலிஸும் ராவெலும் அதில் ஒரு தொகுதியைக் கண்டனர். அது உண்டாக்கும் நொதியை, ஏற்கெனவே அறிந்த நொதிகளோடு ஒப்பிட்டனர். நொதியில் மூன்று பகுதிகள். ஆகவே மூன்று அமினோ அமிலங்கள் கோத்த, இரும்பைப் பற்றும் பொருள் ஒன்று உருவாகவேண்டும் என்று கணித்தனர். சீலிகெலின் என்று பெயரும் சூட்டினர். பொருளை எவரும் கண்டதில்லை. பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்த கதைதான்!

2002-இல் முழு வரிசையும் வெளியாயிற்று: ஏறத்தாழ 87 லட்சம் கார இணைகள், 7,825 ஜீன்கள். சில பொருள்களையே தரும் என்று எண்ணியிருந்த உயிரில் இருபதுக்கு மேற்பட்ட தொகுதிகள்!

2005-இல் சாலிஸ் குழுவினர் இரும்பு குறைந்த ஊடகத்தில் அதை வளர்த்துச் சீலிகெலினைப் பிரித்தெடுத்தனர். இரும்பைப் பற்றியது உண்மை. ஆனால் அமினோ அமிலங்கள் மூன்றல்ல, நான்கு! மூன்று பகுதிகள் நான்கைக் கோத்தது எப்படி? ஏதோ ஒரு பகுதி இருமுறை வேலை செய்திருக்க வேண்டும். வரிசையில் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

2011-இல் வந்த ஆன்டிஸ்மாஷ் என்னும் கணிப்பொறி நிரல் இத்தகைய தொகுதிகளைத் தானே தேடித் தருகிறது. ஊடகத்தில் வளர்த்துப் பார்க்கும் வேலை மட்டும் இன்னும் மனிதருடையதே.