வெண்ணிறக் கிமோனோ அணிந்த இளம்பெண்

வெண்ணிறக் கிமோனோ அணிந்த இளம்பெண் என்பது டச்சு ஓவியர் ஜார்ஜ் ஹென்ட்ரிக் பிரைட்னர் (1857–1923) 1894 ஆம் ஆண்டில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஆகும். 59 செ.மீ உயரமும் 57 செ.மீ அகலமும் கொண்ட இது, ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தில் உள்ளது. பிரைட்னர், ஆம்ஸ்டர்டாம் உணர்வுப்பதிவுவாதம் எனப்படும் ஓவியப் பாணியின் முதன்மையான ஓவியர்களுள் ஒருவர்.

பின்னணி

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சப்பானிய மரச்செதுக்கு அச்சுப்படங்கள் ஐரோப்பிய ஓவியர்களைப் பெரிதும் கவர்ந்தன. பிரைட்னரும் இதற்கு விலக்கல்லர். கிமோனோ அணிந்த பெண்ணைப் பல ஓவியங்களாக அவர் வரைந்தார். அவற்றுள் இதுவும் ஒன்று.

அமைப்பு

கம்பளங்கள் விரித்த சாய்விருக்கையில், பூவேலைப்பாடுள்ள பட்டுக் கிமோனோவுடன் பெண் படுத்திருக்கிறாள். பின்புறம் மடிப்புத் திரை ஒன்று உள்ளது. ஆழத்தைக் காட்டுவதைவிட, நிறங்களும் கோலங்களும் தட்டையாக அடுத்தடுத்து அமைவதற்கே ஓவியர் முதன்மை அளித்துள்ளார். பிரைட்னர் ஒளிப்படக் கலைஞரும் ஆவார். இப்பெண்ணைக் கிமோனோவுடன் எடுத்த ஒளிப்படங்களை இவ்வோவியங்களுக்குத் துணையாகக் கொண்டார்.

ஓவியத்திலுள்ள பெண்

படத்திலிருப்பவர் சப்பானியப் பெண் அல்லர். 1877 இல் நெதர்லாந்தின் சான்டாம் நகரில் பிறந்த கேசியே குவாக் என்னும் தொப்பி தைக்கும் தொழிலாளி ஆவார். அவர் அமர்ந்த நேரத்தையும் கொடுத்த கூலியையும் பிரைட்னர் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். கேசியே 1895 இல் தென்னாப்பிரிக்காவில் குடியேறி, 1899 இல் காசநோயால் பிரிட்டோரியாவில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 22 கூட நிறைவடையவில்லை.