புதுச்சேரிக்கு பெட்ரோல் வரும் வழி

"நாளையிலிருந்து பெட்ரோல் கிடைக்காதாம்!" இந்த ஒரு வரி போதும். ஒரு மணி நேரத்தில் ஊரிலுள்ள எல்லா பங்க்கிலும் வரிசை நின்றுவிடும். உண்மையில் அன்றைக்கு பெட்ரோல் தீர்ந்தே போகும். வதந்தி தன்னைத் தானே உண்மையாக்கிக் கொள்ளும் விசித்திரம் இது.

புதுச்சேரியில் எண்ணெய்க் கிணறு கிடையாது. வேண்டிய பெட்ரோல், டீசல் எல்லாம் வெளியிலிருந்து டேங்கர் லாரியில் வந்தாக வேண்டும். ஆகவே இந்த ஊரின் எரிபொருள் வரலாறு என்பது ஒரு வகையில் சாலையின் வரலாறுதான்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். கிழிந்த துணியை வீசியது போல் ஒரு துண்டு இங்கே, ஒரு துண்டு அங்கே! நடுவில் இந்திய நிலம். 1941ல் பிரிட்டிஷ் இந்தியாவுடன் செய்துகொண்ட சுங்க உடன்படிக்கை இருந்தவரை இது பெரிய தொல்லையாக இல்லை. 1949ல் அந்த உடன்படிக்கை முடிவுக்கு வந்தது. எல்லையில் சுங்கச் சாவடிகள் முளைத்தன. பக்கத்து ஊருக்குப் போவதே வெளிநாட்டுப் பயணம் போலானது.

சரி, கடல் வழி இருக்கிறதே என்று கேட்கலாம். ஆழமான துறைமுகம் இங்கே இல்லை. கப்பல்கள் தள்ளி நிற்க, சரக்கைப் படகில்தான் இறக்க வேண்டும். 1866ல் கட்டப்பட்ட பழைய கடற்பாலமும் 1952 புயலில் சிதைந்துவிட்டது. மிச்சம் இருந்தவை 1879ல் வந்த விழுப்புரம் ரயில் பாதையும் சாலைகளும்தான். இரண்டுமே இந்திய நிலத்தைக் கடந்து வருபவை.

1954ல் இதன் பலம் தெரிந்தது. மார்ச் 18ல் உள்ளாட்சி மன்றத்தினர் இந்தியாவோடு இணையத் தீர்மானம் போட்டனர். மார்ச் 31ல் எதுவார் குபேர் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றினார். இந்திய அரசு பொருளாதார முற்றுகையை இறுக்கியது. அக்டோபர் 18ல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பேரில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறியது. விடுதலைப் போராட்டத்தில் போராளிகளின் தியாகம் பெரிது. ஆனால் சாலையை யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்கள் பக்கம் பலம் இருந்தது என்பதையும் மறக்க முடியாது.

அந்தக் கோடு இன்றும் மாநில எல்லையாக இருக்கிறது. 2021 நவம்பரில் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்தபோது, புதுச்சேரி அரசு தன் பங்குக்கு லிட்டருக்கு 7 ரூபாய் குறைத்தது. விலை குறைவு என்பதால் கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து வண்டிகள் இங்கே வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போவது வழக்கம். அதாவது இந்த ஊர் பங்க்குகள் ஊருக்கு மட்டும் விற்பதில்லை.

இனி, பயம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒரு பங்க்கில் தினமும் 500 பைக்குகள் வருகின்றன, ஒவ்வொன்றும் 2 லிட்டர் போடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 1,000 லிட்டர் விற்பனை. ஐந்து நாளைக்கு ஒரு முறை போடுபவர்கள் எல்லாரும் ஒரே நாளில் வந்தால்? 5,000 லிட்டர்! நாட்டில் பெட்ரோலுக்குக் குறைவே இல்லை, ஆனால் பங்க்கின் தொட்டி காலி. அடுத்த டேங்கர் வரும்வரை "ஸ்டாக் இல்லை" பலகைதான்.

2009 ஜனவரியில் இது நாடு முழுக்க நடந்தது. 5ஆம் தேதி லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். 7ஆம் தேதி எண்ணெய் நிறுவன அதிகாரிகள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பல நகரங்களில் பங்க்குகள் வறண்டன. மூன்றே நாளில் அதிகாரிகள் திரும்பினர்.

2021 செப்டம்பரில் பிரிட்டனுக்கு இதே கதி. அங்கே கிடங்குகளில் எரிபொருள் இருந்தது, கொண்டுபோக ஓட்டுநர்கள் போதவில்லை. சில பங்க்குகளை மூட வேண்டியிருக்கும் என்ற செய்தி வந்ததுமே மக்கள் முண்டியடித்தனர். கடைசியில் ராணுவ வீரர்கள் டேங்கர் ஓட்டினார்கள்.

2024 ஜனவரியில் மீண்டும் இந்தியா. விபத்து நடந்து, தகவல் சொல்லாமல் ஓடும் ஓட்டுநருக்கு 10 ஆண்டு வரை சிறை என்றது புதிய சட்டத்தின் 106(2) பிரிவு. நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் சிறை என்று ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினர். ஹைதராபாத் உட்படப் பல ஊர்களில் நீண்ட வரிசைகள். ஜனவரி 2 இரவு அரசு பேசிய பிறகே நிலைமை தணிந்தது. 2024 ஜூலை 1ல் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

1954ல் வழியை மறித்தது அரசு. 2024ல் வழி திறந்தே இருந்தது, ஓட்டத்தான் ஆளில்லை. நாள்கணக்கில் வீட்டைப் பிரிந்து, கொதிக்கும் கேபினில் உட்கார்ந்து ஓட்டும் வேலைக்கு அடுத்த தலைமுறை வரத் தயங்குவதில் ஆச்சரியம் என்ன? 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று 2023 டிசம்பரில்தான் அறிவிப்பு வந்தது. இத்தனை காலம் ஆனது!

அடுத்த முறை "நாளைக்குக் கிடைக்காதாம்" என்று யாராவது சொன்னால், டேங்கில் பாதி இருப்பவர் வீட்டிலேயே இருக்கலாம். அவர் விட்டுக்கொடுக்கும் 2 லிட்டர் ஒரு ஆட்டோவுக்கோ ஆம்புலன்ஸுக்கோ போய்ச் சேரும்.