மலைவாழ்வின் கருவிகளும் நமது கடனும்

காட்டில் வழிதவறியவனொருவன், கையில் யாதொன்றுமின்றி எங்ஙனம் உயிர்பிழைப்பான் என்று மாணவனொருவன் நம்மை வினவினான். அவ்வினாவிற்கு விடை பிறநாட்டுக் கதைகளில் தேடற்பாலதன்று. நீலகிரியில் நம் முன்னோர் வாழ்ந்த வாழ்வே விடையாம். அதனை ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்போம்.

ஜெகதளா என்னும் நம் ஊர்ப்பெயர் சிறிது திரிந்து, 1852ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய படைவீட்டிற்கு முதற்பெயராயிற்று; அப்படைவீடே பின்னர் வெல்லிங்டன் எனப்பட்டது. அதற்கு நெடுநாள் முன்னரே, 1603ஆம் ஆண்டில் இம்மலைக்கு வந்த பெனிசியோ பாதிரியார் படகரையும் தோடரையும் ஒருங்கே கண்டு எழுதியுள்ளார். கடையும் சாலையுமில்லாத அக்காலத்தே, கயிறும் நெருப்பும் கூரையும் கலமும் மலைபடு பொருள்களாலேயே ஆயின.

முதலாவது கயிறு. சோலையோரங்களில் வளரும் பெருங்காஞ்சொறியைத் தீண்டினார் தினவும் எரிவும் அடைவர். ஆயினும் அதன் பட்டையில் மெல்லிய, வலிய நாருண்டு. தோடர் அச்செடியை நீரிலிட்டுக் காய்ச்சி, சுணை ஒழிந்தபின் நாரைப் பிரித்து நூலாக முறுக்கினர். ராயில் என்னும் ஆங்கில அறிஞர் 1855இல் வெளியிட்ட இந்திய நார்ச்செடிகளைப் பற்றிய நூலில் இந்நாரையும் குறித்துள்ளார். துன்புறுத்தும் செடியே துணைசெய்யும் பொருளாயிற்றென்க.

இரண்டாவது நெருப்பு. உலர்ந்த கட்டையொன்றிற் சிறுகுழி செய்து, கோலொன்றை அதில் நிறுத்தி உள்ளங்கைகளாற் கடைய, தேய்ந்த பொடி கனன்று பொறியாகும். அதனை உலர்ந்த சருகிலேந்தி ஊதுவர். 1901, 1902ஆம் ஆண்டுகளில் தோடரிடையே ஆராய்ந்த ரிவர்ஸ் என்பார், தீப்பெட்டி வந்தபின்னரும் தோடர் சடங்குகளுக்குக் கடைந்த தீயையே கொண்டனர் என்று 1906இல் வெளிவந்த தம் நூலில் வரைந்துள்ளார்.

மூன்றாவது உறையுள். மூங்கிலை வில்போல் வளைத்து, பிரம்பினாற் பிணித்து, மேலே புல்வேய்ந்த தோடர் இல்லம் மழையையும் குளிர்காற்றையும் ஒருங்கே தாங்கும். வாயில் மிகச் சிறிதாதலின் உள்ளிருக்கும் வெம்மை வெளிச்செல்லாது.

இனி, கத்தியும் மண்வெட்டியும் கோத்தரின் உலைக்களத்திற் பிறந்தன. மட்கலங்களைக் கோத்த மகளிர் வனைந்தனர். கூடையும் தேனும் பிற காடுபடு பொருள்களும் குறும்பர் தந்தனர். நம்மவர் கைப்பொருள் யாதெனின், உழுது விளைத்த இராகியும் சாமையுமேயாம். தானியம் கொடுத்துக் கருவி கொண்டோம். ஒருவர்க்கொருவர் உதவியே அனைவரும் வாழ்ந்தோம். தனித்து நின்று இம்மலையில் எக்குலமும் பிழைத்ததில்லை.

இவ்வொழுங்கு எங்ஙனம் குலைந்தது? உருளைக்கிழங்கு பணப்பயிராயிற்று, 1899இல் மேட்டுப்பாளையத்தினின்று குன்னூருக்குப் புகைவண்டி ஏறிற்று, சந்தையிற் பித்தளைக் கலமும் இரும்புக் கருவியும் எளிதிற் கிடைத்தன. நம்முள் ஒருசாரார் இழவுச் சடங்கிற்குக் கோத்தர் இசை வேண்டாவென்றும், மற்றொருசாரார் வேண்டுமென்றும் பிணங்கினர். மாண்டல்பாம் என்னும் அமெரிக்க அறிஞர் 1937இல் கோத்தரிடையே தங்கி ஆராய்ந்து, இம்மாறுதல்களை எழுதியுள்ளார்.

பழைய முறை முழுதும் நன்றென்று நாம் கூறோம். எவர் செய்த கொழுவால் உழுதோமோ, அவரையே தாழ்வாக எண்ணினோம். அத்தாழ்வெண்ணம் ஒழிந்தது நன்றே. அதனோடு அவர் கைத்திறனின் அறிவும் ஒழிவதே வருந்தத்தக்கது. காஞ்சொறியைக் கண்டு அஞ்சி விலகுவதன்றி, அதில் நாருண்டென்று அறியும் சிறுவர் இன்று எத்துணைவர்?

ஆதலின், சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். வரும் ஹெத்தை பண்டிகைக்கு ஊர் திரும்பும் இளைஞர், தத்தம் இல்லத்து முதியோரிடம் கருவிகளின் பெயரையும், அவை செய்யும் முறையையும், செய்தாரின் ஊரையும் கேட்டெழுதுவாராக. செய்தவர் குலத்தின் பெயரையும் மறவாது எழுதுக. நம் குலப்பெருமையை உரைக்குங்கால் பிறர்பாற் பட்ட கடனையும் உடன் உரைத்தலே வரலாற்றிற்கு அழகாம்.